தீயல் கருகிய நாள்

சென்ற இதழில் வாசகர்களிடம் ஒன்று கேட்டிருந்தேன். 2024 ஜூன் 4ஆம் தேதி, மக்களவைத் தேர்தல் முடிவு வெளியான அன்று, உங்கள் வீட்டு அடுப்பில் என்ன கொதித்தது, உங்கள் மனத்தில் என்ன ஓடியது என்று எழுதச் சொல்லியிருந்தேன். பதில்களைவிடக் கேள்விகளே அதிகமாக வந்தன. அவற்றுள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடிதங்கள் ஆறினை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். மற்ற மாவட்டத்தார் கோபிக்க வேண்டாம். நான் வடசேரிக்காரி, அந்த அடுப்படியின் நியாயங்கள்தான் எனக்குத் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்பது பேருக்கு ஒரே அடுப்பு. என் கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் கட்சி வேறு. முடிவு வந்த அன்று மதியம் என் கணவர், “நம்ம ஆள் ஜெயிச்சாச்சு, பாயசம் வை” என்றார். அண்ணன் இலையில் கை வைக்காமலே எழுந்து போய்விட்டார். நான் பாயசம் வைக்கவில்லை. “வச்சா என்ன குறைஞ்சு போகும்?” என்று மாமியார் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். நான் செய்தது தவறா? (வாசகி, திங்கள்நகர்)

பதில்: தவறில்லை. யாருக்காக அந்தப் பாயசத்தை வைத்திருப்பீர்கள் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கன்னியாகுமரித் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் வென்றார். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் தி.மு.க. கூட்டணிக்கே போயின. ஆனால் நாடு முழுவதற்குமான கணக்கில் பா.ஜ.க. கூட்டணி 293 இடங்களைப் பெற்று ஆட்சியைத் தக்க வைத்துக்கொண்டது. அதிலும் பா.ஜ.க.வுக்குத் தனியாகக் கிடைத்தவை 240 இடங்கள்தான், பெரும்பான்மைக்குத் தேவையான 272ஐ அது எட்டவில்லை. ஆக, உங்கள் கணவர் ஊரில் வென்று டெல்லியில் தோற்றார், அண்ணன் ஊரில் தோற்று டெல்லியில், அதுவும் முழு மனநிறைவு இல்லாமல், வென்றார். நம் மாவட்டத்தில் அன்று முழுதாகச் சிரித்த வீடும் இல்லை, முழுதாக அழுத வீடும் இல்லை. இப்படிப்பட்ட நாளில் சிறுபயற்றை வறுத்து, கருப்பட்டியை உருக்கி, தேங்காய்ப்பால் பிழிய உட்கார்ந்திருந்தால், அதைக் குடிக்க வேண்டியவர் யார் என்பதை முடிவு செய்யவே இன்னொரு தேர்தல் நடத்த வேண்டியிருக்கும்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், அதற்காகத்தானே இந்தப் பத்தி. என் கணவரும் மகனும் எதிரெதிர் அணி. அன்று காலை எட்டு மணிக்குத் தபால் வாக்குகளை எண்ணத் தொடங்கியதிலிருந்தே இருவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் நகராமல் அமர்ந்துவிட்டார்கள். உள்ளித்தீயல், அதாவது தேங்காயை வறுத்தரைத்துச் சின்ன வெங்காயம் போட்டு வைக்கும் புளிக்குழம்பு, வைப்பதென்று முந்தைய நாளே தீர்மானித்துச் சின்ன உள்ளியை உரித்து வைத்திருந்தேன். பதினொரு மணிவாக்கில் துருவிய தேங்காயை உருளியில் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தபோது, முன்னிலை நிலவரத்தை யாரோ வாசிப்பது காதில் விழுந்தது. கரண்டியைக் கையில் பிடித்தபடியே வாசற்படிவரை போய் நின்றேன். எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. வாசனை வந்து கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன். தேங்காய் கருகிவிட்டிருந்தது. தீயலுக்குத் தேங்காய் சிவக்க வேண்டும். கருகிப் போனால் மீட்க வழியே கிடையாது. அப்படியே எடுத்துத் தென்னைமூட்டில் கொட்டினேன்.

இதில் எனக்கு மனத்தில் தைத்தது தேங்காய் போனதன்று. உள்ளேயிருந்த இருவரும் புகை வாசனையைப் பிடித்து ஒரே குரலில் கேட்டார்கள்: “சாப்பாடு நேரமாகுமோ?” அன்று காலை முதல் அவர்கள் தத்தம் வாக்கைப் பற்றி எத்தனையோ பேசியிருந்தார்கள். நானும் ஏப்ரல் 19ஆம் தேதி வெயிலில் வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு வந்தவள்தான்; கோணத்துக் கல்லூரியில் எண்ணிக்கொண்டிருந்த வாக்குகளில் என்னுடையதும் ஒன்று. நான் ஏன் வாசற்படியில் நின்றேன், என் வாக்கு வென்றதா தோற்றதா என்று இருவரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும் காணத்துவையலும் (கொள்ளுத் துவையல்) வைத்துக் கொடுத்தேன். வாயைத் திறக்காமல் குடித்தார்கள். அந்தத் துவையலில் மிளகாய் கொஞ்சம் தூக்கலாக விழுந்ததற்கும் தேர்தலுக்கும் தொடர்பில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பாயசத்துக்கு அவசரமே இல்லை. ஒரு பிள்ளையின் பிறந்த நாளோ மாதப் பிறப்போ வரட்டும், அன்றைக்கு வையுங்கள், உங்கள் கணவர் வேண்டுமானால் தம் மனத்துக்குள் அதைத் தேர்தல் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளட்டும். அண்ணன் இனியொரு முறை எழுந்து போனால், அவர் பங்கை எடுத்து மூடி வையுங்கள், யாரும் போய்ச் சமாதானம் பேச வேண்டாம். தோற்றவருக்கு அன்று தேவைப்படுவது சோறுதான், பேச்சன்று. இரவு ஒன்பது மணிக்கு அவரே வந்து மூடியைத் திறப்பார். அந்த நேரத்தில் யாரும் அடுப்படியில் நிற்காதிருப்பது மரியாதை. மாமியாரிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: அவர் யாருக்கு வாக்களித்தார் என்றல்ல, அவருடைய ஆள் வென்ற வருடம் எப்போதாவது அவருக்காக யாரேனும் பாயசம் வைத்ததுண்டா என்று.

கேள்வி: தமிழ்நாடு ஒரு பக்கம் சாய்ந்தால் நம் மாவட்டம் மறுபக்கம் சாய்கிறதே, இது ஏன்? சமையலில்கூட நாம் தனியாகத்தான் நிற்கிறோம். (ஓய்வுபெற்ற ஆசிரியர், குழித்துறை)

பதில்: எப்போதும் அப்படியில்லை, ஐயா. 2019லும் 2024லும் மாநிலத்தோடு சேர்ந்தேதான் போனோம். ஆனால் நீங்கள் நினைவில் வைத்திருக்கும் ஆண்டுகள் எவையென எனக்குத் தெரிகிறது. 1967இல் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்ற காமராஜரை, நம் மக்களவை உறுப்பினராக இருந்த நேசமணியின் மறைவுக்குப் பின் 1969இல் நடந்த இடைத்தேர்தலில், அன்று நாகர்கோவில் என்ற பெயரிலிருந்த நம் தொகுதிதான் மக்களவைக்கு அனுப்பியது. கட்சி பிளந்தபின் காமராஜர் இருந்த பழைய காங்கிரசுக்கு 1971இல் தமிழ்நாட்டில் கிடைத்த ஒரே தொகுதியும் நாகர்கோவில்தான். 2014இல் அ.தி.மு.க. 37 இடங்களை அள்ளியபோது, கைக்கு அகப்படாத இரண்டில் ஒன்று தருமபுரி, மற்றொன்று நாம்.

காரணங்களில் ஒன்று வரலாறு. அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்காக நடந்த போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சென்னை மாநிலத்தின் பிற பகுதிகளில் அரசியல் வேரூன்றிய காலத்தில் நாம் திருவிதாங்கூர் என்ற வேறோர் அரசின் கீழ் வேறொரு வழக்கை நடத்திக்கொண்டிருந்தோம். எல்லை ஒரே நாளில் மாறியது, அடுப்படி மாறவில்லை. அவியலும் எரிச்சேரியும் தீயலும் அந்த இரவில் எந்தப் பக்கமும் குடிபெயரவில்லை. என் தாயார் இணைப்புக்கு முந்தைய நாள் அரைத்ததைப் போலத்தான் மறுநாளும் தேங்காய் அரைத்திருப்பார். ஆனாலும் தேங்காய் அரைப்பதால்தான் நாம் தனித்து வாக்களிக்கிறோம் என்று சொல்லிவிட முடியாது. சாதி, மதம், தேவாலயம், கோயில், கடற்கரை, மலையோரம், ரப்பர், நெல் என்று சின்ன மாவட்டத்துக்குள் இத்தனை இருக்கும்போது, எந்தக் கட்சியும் நம்மை ஒரே அண்டாவில் வேக வைத்துவிட முடியாது என்பதுதான் என் எண்ணம்.

கேள்வி: என் மகன் ஆழ்கடல் விசைப்படகில் தொழில் செய்கிறான். ஏப்ரல் 19 அன்று அவன் கடலில் இருந்தான், வாக்களிக்கவில்லை. முடிவு வந்த அன்று அவன் வீட்டிலிருந்தான், ஆனால் மீன் இல்லை. “ஓட்டும் போடல, மீனும் இல்ல” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. (ஒரு தாய், குளச்சல்)

பதில்: எனக்கும் வரவில்லை, அம்மா. 85 வயதைக் கடந்தவர்களும், 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளும் இந்தத் தேர்தலில் வீட்டிலிருந்தபடியே வாக்களிக்க முடிந்தது. இராணுவத்தில் பணிபுரிவோருக்குத் தபால் வாக்கு உண்டு. வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கும் மீனவருக்கு அப்படி ஒரு வழி இல்லை. தேர்தலன்று கரையில் இருந்தால்தான் வாக்கு என்றால், அந்த நாளின் பிழைப்பையும் சேர்த்துக் கொடு என்று கேட்பதாகத்தான் ஆகிறது. வென்றவர் எவராயினும் முதலில் காதில் போட வேண்டிய கோரிக்கைகளில் இது ஒன்று. 1957இல் உங்கள் குளச்சலிலேயே வென்று, காமராஜர் அமைச்சரவையில் உள்ளாட்சியையும் மீன்வளத்தையும் பார்த்துக்கொண்ட லூர்தம்மாள் சைமனிடம் இதைச் சொல்லியிருந்தால், விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

மீன் இல்லாமற் போனதற்குக் காரணம் நாள்காட்டி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. இரண்டு கடற்கரையும் உள்ள நம் மாவட்டத்தில், ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் இரண்டு தடையும் ஒன்றின்மேல் ஒன்று விழும். கிழக்கே சின்னமுட்டத்துப் படகும் கிடக்கும், மேற்கே குளச்சல் படகும் கிடக்கும். வாக்கு எண்ணிய நாள் அதற்குள்தான் வந்து மாட்டிக்கொண்டது. வள்ளமும் கட்டுமரமும் கொண்டுவரும் சாளையும் நெத்திலியும்தான் கிடைத்திருக்கும், அதுவும் கேட்ட விலைக்கு. அப்படிப்பட்ட நாளில் மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) வேக வைத்து மசித்து, கால் கிலோ நெத்திலியை மாங்காய் போட்டு அவித்தால் நான்கு பேருக்குப் போதும். மாங்காய் மீனை நீட்டிக் கொடுக்கும். அதுவும் கிடைக்காவிட்டால், காலம் கடைசியானாலும் சக்கை (பலா) இருக்கிறது, சக்கைக்குருவும் (பலாக்கொட்டை) இருக்கிறது.

கேள்வி: மனைவி ஆசிரியை. தேர்தல் பணிக்காக ஏப்ரல் 18 அன்று கிளம்பி மறுநாள் நள்ளிரவு திரும்பினாள். இரண்டு நாள் நான் சமைத்தேன். அவியல் குழம்பாகிவிட்டது. எங்கே பிழை? (வாசகர், தோவாளை)

பதில்: தண்ணீரில். வெள்ளரிக்காயும் புடலையும் தாமே நீர் விடும். கை தெளித்த தண்ணீரோடு மூடி வைத்தால் போதும். சேனையும் வாழைக்காயும் முதலில், முருங்கைக்காய் பின்னால், மாங்காய் கடைசியில். தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் ஒன்றிரண்டாகத்தான் அரைபட வேண்டும், இறக்கும்போது பச்சைத் தேங்காயெண்ணெய். தயிரா, மாங்காயா, புளியா என்ற வழக்கில் நான் இறங்க மாட்டேன். கட்சிச் சண்டையாவது ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வருகிறது. நள்ளிரவில் இயந்திரங்களை ஒப்படைத்துவிட்டு வந்தவருக்கு அந்தக் குழம்பை ஊற்றியாவது சோறு போட்டீர்கள் அல்லவா, அது போதும்.

கேள்வி: அப்பா எப்போதும் “நம்ம வீட்டு ஓட்டு நாலு” என்பார். அம்மா மறுத்துப் பேசியதே இல்லை. முடிவு வந்த அன்று அம்மாவிடம் தனியாகக் கேட்டேன், அவர் தேங்காய் துருவிக்கொண்டே சிரித்தார், பதில் சொல்லவில்லை. அம்மாவுக்கென்று ஒரு கருத்தே கிடையாதா என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது. (இளம் வாசகி, நாகர்கோவில்)

பதில்: மகளே, அந்தச் சிரிப்பைக் கருத்தில்லாமை என்று எப்படி எடுத்துக்கொண்டாய்? 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 94ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. யாருக்கு வாக்களித்தாய் என்று சொல்லும்படி எந்தச் சாட்சியையும், வேறெவரையும் வற்புறுத்த முடியாது என்பது அதன் சாரம். நீதிமன்றத்துக்கே சொல்ல வேண்டாத ஒன்றை உன் தாய் உன்னிடம் சொல்லவில்லை.

என் மாமியார் அப்படித்தான் இருந்தார். ஒவ்வொரு தேர்தலுக்கும் மாமனார் சின்னத்தைச் சொல்லி அனுப்புவார். மாமியாரும் “சரி” என்று சொல்லி, முண்டின் தலைப்பைச் செருகிக்கொண்டு கிளம்புவார். திரும்பி வந்ததும் அடுப்பைப் பற்ற வைப்பார். நாற்பது ஆண்டு இப்படி நடந்தது. மாமனார் காலமாகிப் பல மாதங்கள் கழித்து, மரச்சீனி தோல் சீவிக்கொண்டிருந்த ஒரு மாலையில், “அவிய சொன்னதுக்கு நான் ரெண்டு வட்டந்தான் போட்டிருக்கேன்” என்றார். எந்த இரண்டு முறை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

ஆனால் உன் வருத்தத்தில் நியாயமில்லாமல் இல்லை. மறைத்து வைத்துக்கொள்வது உரிமையாக இருக்கும்போது அழகுதான். சொல்ல விரும்பியும் கேட்பாரில்லாமல் அடங்கிக் கிடப்பது வேறு. முடிவு வந்த நாளில் வீட்டிலுள்ள ஆண்கள் வென்றார்கள், தோற்றார்கள், கோபித்தார்கள், சாப்பிடாமல் எழுந்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் ஏற்றபடி உப்பும் புளியும் பார்த்துப் போட்டவளுக்கு வெற்றியோ தோல்வியோ இருந்திருக்கக்கூடும் என்பதே யாருக்கும் நினைவில்லை. நீயாவது கேட்டாய். அடுத்த முறை கேள்வியை மாற்றிக் கேள்: யாருக்கு என்று கேட்காதே, முடிவு உனக்குப் பிடித்ததா என்று கேள். கேட்கும்போது துருவலையை நீ வாங்கிக்கொள். கை ஓய்ந்தால் வாய் திறக்கலாம். “வீட்டு ஓட்டு நாலு” என்று அப்பா அடுத்த தேர்தலில் சொன்னால், “மூன்று உங்களுக்குத் தெரியாதவை” என்று நீ சொல்லலாம். அதைச் சொல்ல உனக்கு வயதும் வாக்கும் இருக்கின்றன.

கேள்வி: வாக்களிக்கப் பெங்களூரிலிருந்து வந்த மகளுக்கு உள்ளித்தீயல் வைத்துக் கொடுத்தேன். அளவு எழுதித் தரச் சொல்கிறாள். எனக்குக் கைக்கணக்குதான் தெரியும். (வாசகி, பூதப்பாண்டி)

பதில்: என் கைக்கணக்கை எழுத்தாக்கித் தருகிறேன், நான்கு பேருக்கு. அரை மூடித் தேங்காயின் துருவலை ஒரு கரண்டி தேங்காயெண்ணெயில் இளந்தீயில் வறுக்கச் சொல்லுங்கள். அது பொன்னிறம் பிடிக்கத் தொடங்கும்போது நான்கு சின்ன உள்ளி, ஆறு வற்றல் மிளகாய், இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லி, அரைத் தேக்கரண்டி நல்லமிளகு, ஒரு சிட்டிகை வெந்தயம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை சேர்க்க வேண்டும். கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கிண்ட வேண்டியிருக்கும். காப்பிக்கொட்டை நிறம் வந்ததும் அடுப்பை அணைத்தால் மட்டும் போதாது, சூடான உருளியிலிருந்து உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். உருளியின் சூடே அதைக் கருக்கிவிடும். ஆறிய பிறகு தண்ணீர் விடாமல், எண்ணெய் கசியும்வரை அரைக்கட்டும். கால் கிலோ சின்ன உள்ளியை முழுதாக வதக்கி, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, உப்பும் மஞ்சளும் இட்டுப் பச்சை வாசனை போனபின் அரைப்பைச் சேர்த்து, எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்கவிட்டால் முடிந்தது. அன்றைக்கு வைத்ததைவிட மறுநாள் நன்றாக இருக்கும். தேங்காய் வறுக்கும் அந்தக் கால் மணி நேரம் மட்டும் தொலைக்காட்சியை யாரையாவது அணைக்கச் சொல்லுங்கள். அல்லது கரண்டியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, மகள் போய் உட்கார்ந்து செய்தி கேட்கட்டும்.